தங்கை ஆட்டிவைத்த இரும்புப் பெண்

வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கு விசா வரும்வரை என் தங்கை வீட்டில் சும்மா இருந்தாள். அந்த மழைக்காலத்தில்தான் நாங்கள் இருவரும் ஒரு லேப்டாப் விளையாட்டில் போய் விழுந்தோம். குலசேகரம் சந்தைப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் எனக்கு வேலை. யாரோ வேண்டாமென்று விட்டுப்போன லேப்டாப்பைத் தட்டிக்கொட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பேட்டரி செத்துப்போனது. பிளக்கில் மாட்டியிருக்கும்வரைதான் ஓடும்.

விளையாட்டின் நாயகி ஓர் இயந்திரப் பெண். பாழடைந்த நகரம் ஒன்றில் தனியாகக் கண்விழிக்கிறாள். எந்தப் பக்கம் போனாலும் அடிதடி. அடித்து ஜெயித்தால் புதிதாக ஒரு சக்தி கிடைக்கும். முன்பு திறக்காத கதவு அப்போது திறக்கும், திரும்பவும் பழைய வழியே ஓட வேண்டும். அடிப்பது தங்கையின் பொறுப்பு, வழி சொல்வது என் பொறுப்பு. எனக்கு அடிக்க வராது, அவளுக்கு வழி தெரியாது. கடைத்தெருவிலேயே திசை மாறி நடக்கிற ஆள் அவள்.

அம்மா முருங்கைக்கீரை உருவியபடி பின்னால் உட்கார்ந்திருப்பாள். “இந்தப் பிள்ளைக்கு வீட்ல யாரும் இல்லியா? தன்னந்தனியா இப்பிடிக் கெடந்து அடி வாங்குது” என்பாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஐயோ, என்ன நாட்கள் அவை!

விசா வந்தது. கிளம்புவதற்குள் கோபுர உச்சியில் இருக்கும் கடைசி இயந்திரத்தை அடித்து முடித்துவிட வேண்டும் என்று இருவருக்கும் வெறி. கடைசி மாலையும் வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் ஏத்தங்காய் சிப்ஸும் ஊறுகாயுமாக முன்னறையில் கூடிவிட்டார்கள். அவர்களிடம் இளித்துவிட்டு நாங்கள் பின்னறைக்கு நழுவினோம். அன்றைக்கு அவள் கை என்னமாய் ஓடியது! அந்த இயந்திரப் பூதத்துக்கு நகக்கண் அளவுதான் உயிர் மிச்சம்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. குடும்ப ஜெபத்துக்கு முன் வீட்டைச் சுற்றிவந்து டிவி, மிக்சி, மோட்டார் என்று எல்லா சுவிட்சையும் அணைத்துவிடுவாள். ஜெபத்தின் நடுவில் எதுவும் இரையக்கூடாது. அன்றும் கதவுக்குள் கையை நீட்டி, பார்க்காமலே, எங்கள் சுவிட்சையும் தட்டிவிட்டாள். திரை கறுத்துப்போனது.

“என்ன எளவும்மா இது!” என்று கத்திவிட்டேன்.

“ஜெப நேரத்துல வாயில வருத வார்த்தையப் பாரு. எழும்பி வாங்க மக்களே.”

ஜெபம் முழுக்கத் தங்கை ஏங்கி ஏங்கி அழுதாள். “அழாத மக்கா, ரெண்டு வருசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும்” என்று சித்தி அவளைக் கட்டிக்கொண்டாள். விளையாட்டு போன ஆத்திரத்தில் அழுகிறாள் என்று எனக்கு மட்டும் தெரியும் என நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு மடையன்.

அவள் போன பிறகு வீடு வீடாக இல்லை. ஃபோனில் அழைப்பாள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழை. அவ்வளவுதான், வைத்துவிடுவாள். அவள் முகம் வாடியிருப்பது வீடியோவிலேயே தெரியும். என்னவென்று அம்மா கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் ஃபோனை லேப்டாப் திரைக்கு எதிரே சாய்த்து வைத்தேன். “சொல்லுட்டி, நான் அடிக்கேன்” என்றேன்.

அவ்வளவுதான், பழைய ஆள் திரும்பிவிட்டாள். “சாடுண்ணே, சாடு! அங்க எதுக்குப் போய் நிக்கே? சவமே, ஒதுங்கு!”

குதிக்கச் சொல்லி அவள் ‘சாடு’ என்றால் நான் குனிவேன், செத்துப்போவேன். செத்தால் கீழ்த்தளத்து அறையிலிருந்து மறுபடி உச்சிவரை நடக்க வேண்டும். அந்த நடையில்தான் அவள் பேசினாள். வேகாத சோறு, வார்டில் அவள் கையைப் பிடித்தபடியே இறந்த கிழவர், குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதது என்று ஒவ்வொன்றாக வந்தது. நான் நடந்துகொண்டே உம் கொட்டுவேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சுவிடாமல் கேட்பாள்.

பிறகு ஒரு மத்தியானம். மழையில் நெட்வொர்க் போய், ஃபோனில் தங்கையின் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. நான் நிறுத்தவில்லை. எந்தப் புண்ணியவான் என் விரலில் வந்து உட்கார்ந்தானோ, குதிக்க வேண்டிய இடத்தில் குதித்தேன், அடிக்க வேண்டிய இடத்தில் அடித்தேன். பூதம் வெடித்துச் சரிந்தது.

“ஜெயிச்சிட்டியாலே!” என்று அம்மா கைதட்டினாள். செத்தால்தானே நடை. இனி எங்கிருந்து எங்கே நடப்பது?

ஃபோன் உயிர்பெற்றது. “என்னாச்சுண்ணே? அடிச்சியா?”

நான் அம்மாவைப் பார்த்தேன். விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லவிடாத அம்மா, கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இவன் எங்க மக்கா அடிக்க? செத்துட்டான். இப்பதான் கீழ இருந்து நடக்கத் தொடங்குகான். நீ சொல்லு.”