ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பெங்களூரு ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது.

அப்போது வீட்டிலேயே டைப்பிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர். அதற்குள் ஹார்ட் டிஸ்க் கிடையாது. உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு ஃப்ளாப்பியைச் செருகினால்தான் கண்ணையே திறக்கும். வேறு கம்ப்யூட்டரின் ஃப்ளாப்பி அதற்கு ஒத்துவராது; அதில் டைப் செய்தது வேறெதிலும் திறக்காது. இன்னொரு காப்பி எடுத்து வைக்கும்படி விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நாளைக்கு ஆகட்டும் என்று நானும் தினமும் நினைத்துக்கொள்வேன்.

காக்ஸ் டவுனில் இருந்த ஒரு கெமிஸ்ட்ரி டீச்சர் தன் ஆராய்ச்சிக் கட்டுரையை டைப் செய்யத் தந்திருந்தார். முடித்து, தனி ஃப்ளாப்பியில் ஏற்றிப் பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். பிரின்ட் எடுப்பது மட்டும்தான் பாக்கி. ஏற்கெனவே கெஞ்சிக் கூத்தாடிக் கெடு நீட்டி வாங்கியவர் அவர். பூஜை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்ததும் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சிப் பட்டத்துக்கான பதிவே ரத்தாகிவிடும். அதாவது, நான் சொல்லும் இந்தக் காலைக்கு அடுத்த நாள்.

என் கணவர் மெக்கானிக். ஆயுத பூஜை வந்தால் ஸ்பேனர் முதல் என் கத்தரிக்கோல் வரை ஒன்றையும் விடமாட்டார், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தால்தான் அவருக்கு நிம்மதி. அன்று காலை கம்ப்யூட்டரைத் தொடங்கும் ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்தேன். பிளாஸ்டிக் அட்டையின் திறப்பு வழியே, எல்லாம் பதிந்திருக்கும் பழுப்புத் தகடு கொஞ்சம் தெரியுமே, சரியாக அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

நான் போட்ட கூச்சலில் கணவர் சோப்பு முகத்தோடு ஓடிவந்தார்.

"நீதானே சொன்னே, இதுதான் கம்ப்யூட்டருக்கு உயிருன்னு? அதான் இதுக்கு மட்டும் ஜாஸ்தியா வெச்சேன்" என்றார்.

இந்த மனிதரோடு சண்டை போடவும் வழியில்லை. ஊரில் பாதிக் கடை மூடிக்கிடக்க, இந்தக் கம்ப்யூட்டரைத் தொடங்கும் வேறு ஃப்ளாப்பிக்கு எங்கே போவது? அழுதுகொண்டிருந்தபோதே பிரின்ட் வாங்க டீச்சர் வந்துவிட்டார். திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். என் கணவர் மெல்ல நழுவி வாசலில் போய்த் தலைகுனிந்து நின்றார்.

டீச்சர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ வாசலைப் பார்த்து, "ஏன் அண்ணா அங்க நிக்கிறீங்க? உள்ள வாங்க. குங்குமம்தானே, ஆசிட்டா ஊத்திட்டீங்க? ஒரு கிண்ணத்துல சுத்தமான தண்ணி கொண்டாங்க" என்றார்.

கழுவினால் உள்ளே இருப்பது அழியாதா என்று நான் பதறினேன்.

"எழுத்தெல்லாம் இதுல காந்தமாத்தான் பதிஞ்சிருக்கு. தண்ணி காந்தத்தை ஒண்ணும் பண்ணாதும்மா. ஆனா இதை நானும் இதுவரைக்கும் கழுவினதில்ல" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் பயமுறுத்தியது.

அட்டையின் ஓரத்தை நறுக்கித் தகட்டை உருவினோம். டீச்சர் அதை விளிம்பில் பிடித்துக்கொள்ள, கணவர் தண்ணீர் ஊற்றினார். சிவப்பு கரைந்து ஓடியது. தேய்க்காமல், மின்விசிறிக் காற்றில் உலரவிட்டோம். என்னிடம் இருந்த வெற்று ஃப்ளாப்பி ஒன்றைப் பிரித்து, அதன் அட்டைக்குள் இந்தத் தகட்டை நுழைத்துச் செருகினேன். கரகரவென்று ஒரு சத்தம். திரை இருட்டாகவே இருந்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாடா! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வேலையாகக் காப்பி எடுத்தேன். மாலைக்குள் கட்டுரை முழுவதும் பிரின்டாகி அவர் கைக்குப் போனது.

தன் பல வருட உழைப்பு அந்தரத்தில் தொங்கிய அந்த நிமிடத்தில், அவர் முதலில் கவனித்தது வாசலில் கூனிக்குறுகி நின்ற ஒரு மனிதரை. இப்போதெல்லாம் என் பொருள் யார் கையிலாவது கெட்டுப்போனால், சட்டென்று வாய்வரை வரும் கோபத்தை விழுங்கிவிட்டு, முதலில் அவர் முகத்தைத்தான் பார்க்கிறேன்.