டீக்கடையில் எழுதிய ரீடிங்

போன மாதம் எங்கள் வீட்டு மீட்டரை மாற்ற இரண்டு பேர் வந்தார்கள். பழையதைக் கழற்றியபோது அதன் பின்னால் செருகியிருந்த, ரீடிங் எழுதும் வெள்ளை அட்டை கீழே விழுந்தது. "இனிமே இதுக்கு வேலை இல்ல சார். ரீடிங் தானாப் போயிரும், ஆளு வரமாட்டாங்க. கொஞ்ச நாள்ல செல்போன் மாதிரி முன்னாடியே காசு போட்டு வச்சுக்கணுமாம். காசு தீந்தா அதுவா நின்னுக்கும்" என்றார் ஏணியில் நின்றவர். நான் அட்டையை எடுத்து மூக்கருகே கொண்டு போனேன். "அதைப் போயி மோந்து பாக்குறீங்களே" என்று வீட்டுக்காரி முகம் சுளித்தாள். பல்லி எச்சமும் பழைய காகிதமும்தான் மணத்தன. நான் தேடியது கருவாட்டு வாடையை.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் வீடு வீடாகப் போய் மின்சார ரீடிங் எடுத்தவன் நான். வந்த இரண்டு பேரிடமும் அதைச் சொல்லவில்லை. சரித்திரத்தில் எம்.ஏ. படித்துவிட்டு, தலைக்கு மேல் தொங்கும் ஒரு பெட்டிக்குள் சுற்றும் சக்கரத்தை அண்ணாந்து பார்த்து எண் எழுதுகிற வேலை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு வீடுகளில் மீட்டருக்குப் போகுமுன் நாயைத் தாண்ட வேண்டும். எந்த வீட்டு நாய் எத்தனை மணிக்குத் தூங்கும் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். படித்த படிப்புக்கு நான் செய்த ஆராய்ச்சி அது ஒன்றுதான்.

பிறகு கடற்கரைப் பக்கம் மாற்றினார்கள். ஜெகதாப்பட்டினத்தைத் தாண்டி ஒரு மீனவர் குப்பம். மெயின் ரோட்டிலிருந்து ஒரு மைல் மணல். என் மொபெட் பத்தடி போவதற்குள் புதைந்துவிடும். இறங்கித் தள்ளினால் செருப்புக்குள் மணல், சட்டைக்குள் வேர்வை. ரோட்டு முனையில் ஒரு டீக்கடை இருந்தது. அங்கே வாழைக்காய் பஜ்ஜி நன்றாக இருக்கும். இரண்டு தடவை மணலில் தள்ளினேன். மூன்றாவது தடவை, கடைக்கு வந்திருந்த ஒரு பெண்ணிடம், "அட்டைகளை இங்கிட்டே கொண்டாந்துருங்கம்மா, எழுதிக் குடுத்துர்றேன்" என்றேன். அவர்களாகக் கொண்டுவந்தார்கள் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, கேட்டது நான்தான்.

அதிலிருந்து அதுவே வழக்கம் ஆகிவிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குப்பத்துப் பெண்கள் வீட்டு அட்டைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு டீக்கடைக்குக் கொண்டுவருவார்கள். மீட்டர் அங்கேயே சுவரில் இருக்கும். அட்டை மட்டும் நடந்து வரும். போன தடவை எழுதிய எண்ணோடு முப்பதோ நாற்பதோ கூட்டி எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது போலப் பேசுவார்கள். "போன தடவ கூடப் போட்டுட்டீங்க, இந்தத் தடவ கொறச்சுப் போடுங்கண்ணே." ஒருத்தி கேட்டாள்: "மீட்டரு எங்க வீட்டுல ஓடுதா, ஒங்க பேனாவுல ஓடுதாண்ணே?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டைகள் எல்லாம் கருவாடு மணக்கும். அன்று நான் வீடு திரும்பினால் பக்கத்து வீட்டுப் பூனை என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு பின்னால் வரும்.

பேனாவைப் பற்றிக் கேட்டவள் வள்ளிக்கண்ணு. முப்பது வயது இருக்கும். புருஷன் கருப்பையா, வேறொருவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். பிள்ளைகள் இல்லை. ஒருநாள் அந்தப் படகை எல்லை தாண்டியதாக அக்கரைக் கடற்படையினர் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஏழு பேர் அக்கரைச் சிறையில். எப்போது விடுவார்கள் என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. அந்த ஏழு வீட்டில் வள்ளிக்கண்ணு வீட்டில்தான் டிவி இருந்தது. ஏழு பெண்களும் அங்கே வந்து உட்காருவார்கள். செய்தியில் ஏதாவது சொல்கிறானா என்று விடியற்காலையிலிருந்து டிவி ஓடும். யாராவது கருவாடு காயப் போடப் போனால் இன்னொருத்தி காவல் இருப்பாள். ராத்திரி முழுக்க வாசல் பல்பு எரியும்.

இதையெல்லாம் அவளே டீக்கடையில் என்னிடம் சொன்னாள். "டிவி நிக்காம ஓடுதுண்ணே. சக்கரம் சுத்துறதப் பாத்தா பயமா இருக்கு. நீங்க ஒரு எட்டு வந்து பாத்து எழுதிட்டாத் தேவல."

"இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி நாற்பது எழுதினேன்.

பாவம், புருஷன் இல்லாதவள், எதற்கு அதிகம் போட வேண்டும் என்று நினைத்ததாகத்தான் பின்னால் எனக்குச் சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் இரக்கப்பட்டவன் ஒரு மைல் நடந்து போய்ப் பார்த்திருப்பான். எனக்கு மணலில் நடக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒன்றரை வருடம் அவள் அட்டையில் நாற்பது நாற்பதாக எழுதினேன். எழுதாத யூனிட்டெல்லாம் மீட்டருக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது.

அப்புறம் சக்கர மீட்டரை எடுத்துவிட்டு எண் ஓடும் மீட்டர் வைக்கும் வேலை தொடங்கியது. மாற்ற வந்தவர்கள் பழைய மீட்டரில் இருந்த கடைசி எண்ணைக் குறித்துக்கொண்டு வந்து ஆபீசில் கொடுத்தார்கள். மற்ற வீடுகளில் என் கற்பனை ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. வள்ளிக்கண்ணு வீட்டில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அதிகாரி என்னைக் கூப்பிட்டார். என்னைவிட இருபது வயது இளையவர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"நீங்கதானே ரீடிங்? எப்படி இவ்வளவு விட்டுப்போச்சு?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மெமோ வந்திருக்கும், சம்பள உயர்வு ஒன்று நின்றிருக்கும். தவறு ஆபீஸ் பக்கம் என்றால் மொத்த யூனிட்டையும் ஒன்றரை வருடத்துக்குப் பிரித்துப் போடுவார்கள். கரண்டில் அளவு கூடக்கூட யூனிட்டின் விலையும் ஏறும். பிரித்தால் எல்லாம் கீழ் விலையிலேயே நிற்கும், தவணையும் கொடுப்பார்கள்.

"அந்த வீடு எப்பவும் பூட்டியே கெடக்கும் சார். அதனால சராசரி போட்டேன்" என்றேன்.

அதை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பூட்டிய வீடு என்றால் தவறு வீட்டுக்காரர் பக்கம். அத்தனை யூனிட்டும் ஒரே பில்லாக, உச்ச விலையில் வந்து விழுந்தது. கருப்பையா நல்ல நாளில் ஆறு மாதம் கடலுக்குப் போனாலும் மிச்சம் பிடிக்க முடியாத தொகை.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வள்ளிக்கண்ணு ஆபீசுக்கு வந்தாள். அதிகாரி முன்னால் நின்று மெதுவாகச் சொன்னாள்: "எங்க வீட்டுல பூட்டே கெடையாது சார். அவுக எந்நேரம் வந்தாலும் வரட்டும்னு நான் கதவச் சாத்துறதுகூட இல்ல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நான் போறப்பல்லாம் பூட்டித்தான் இருந்துச்சு" என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். டீக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் எனக்காக நின்றிருந்தாள். "கடையில எழுதுனதச் சொன்னா ஒங்க வேலைக்கு ஆகாதேன்னு சொல்லலண்ணே. நீங்களே எதாச்சும் பண்ணுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன். எதையும் பார்க்கவில்லை.

கெடு முடிந்தது. பியூஸைப் பிடுங்கப் போன ஒயர்மேனுக்கு வீட்டைக் காட்ட என்னை அனுப்பினார்கள். அன்று அந்த மணலில் கடைசி வரை நடந்தேன். கதவு திறந்தேதான் கிடந்தது. உள்ளே ஆறேழு பெண்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஒயர்மேன் பியூஸைப் பிடுங்கினார், டிவி அணைந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. "கரண்ட் போயிருச்சு, இந்தா வந்துரும்" என்று பேசிக்கொண்டு இருண்ட டிவியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். ஒயர்மேன்தான் வாசலில் நின்று, "இது வராதும்மா" என்றார். அதில் ஒரு வயதான அம்மா, மகனை அக்கரையில் விட்டவள், எழுந்து வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கடல்ல இருக்கவந்தான் புடுங்குறான்னா, கரையில இருக்க நீயுமாடா?"

வள்ளிக்கண்ணு அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். "அண்ணன் என்ன பண்ணுவாரு, விடு ஆத்தா" என்றாள்.

ஒரு மாதம் இருட்டில் இருந்தாள். பிறகு ஓர் ஏஜென்ட் வந்தான். மேற்குக் கடற்கரையில், மொழி தெரியாத ஊரில், இறால் உரிக்கும் கம்பெனி. எட்டு மாத வேலைக்கு முன்பணம் உண்டு. அதை வாங்கிக் கரண்ட் பாக்கியை ஒரே தவணையில் கட்டிவிட்டு, டிவியை மற்ற பெண்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ரசீதைப் பார்த்து நானே பியூஸைக் கொடுத்தனுப்பினேன். அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவள் போன இரண்டாம் மாதம் அக்கரையில் ஏழு பேரையும் விட்டார்கள்.

அதற்குள் நான் ஒழுங்காக வீடு வீடாகப் போகத் தொடங்கியிருந்தேன். புது மீட்டரைப் பார்க்கப் போனபோது கருப்பையா வாசலில் சாக்கை விரித்துப் படுத்திருந்தான். ஆள் பாதியாகியிருந்தான். பேசினாலே இருமல்.

"கரண்ட் பில்லுக்காகப் போனாளாம்ல" என்றான். "ஒத்தப் பொம்பள, அப்படி என்னத்தண்ணே எரிச்சா?"

"டிவி ஓடுச்சுப்பா."

"அம்புட்டு நேரம் யாரு பாத்தா?"

"எல்லாரும். ஒங்களப் பத்தி எதாச்சும் சொல்றானான்னு."

அவன் சிரிக்கப் பார்த்தான், இருமல் விடவில்லை. இருமல் அடங்கியதும், "அவ எப்ப வருவான்னு எதுவும் தெரியுமா?" என்று கேட்டான். எதற்காக என்னிடம் கேட்டானோ. மீட்டரில் இருந்த எண்ணை எழுதிக்கொண்டு எழுந்து வந்தேன்.

போனில் தகவல் போய், வள்ளிக்கண்ணு ஏஜென்டின் காலில் விழுந்திருக்கிறாள். முன்பணம் கழியாமல் அனுப்ப முடியாது என்றிருக்கிறான். கருப்பையா வீடு வந்து இருபதாம் நாள் இறந்தான். அவள் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. டீக்கடைக்காரர் எனக்கு இதைச் சொன்னார். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனேன்.

இருபது வருடம் ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் மீட்டர் மாற்றிய வாரத்தில் ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். டீக்கடை இருந்த இடத்தில் ஐஸ் பிளான்ட் நிற்கிறது. மணல் பாதை சிமென்ட் ரோடு ஆகிவிட்டது. வள்ளிக்கண்ணு அதே வீட்டில் இருந்தாள். தலை நரைத்துவிட்டது. மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். சுவரில் மீட்டர் இல்லை, பலகை மட்டும் இருந்தது. நடுவில் இரண்டு வருடம் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது பில் கட்டவில்லை என்று இணைப்பையே எடுத்துவிட்டார்களாம். ராத்திரிக்குச் சூரிய விளக்கு ஒன்று வைத்திருக்கிறாள்.

நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்ண்ணே. அட்டையக் கொண்டாந்து குடுத்ததே நாந்தானே."

அடுத்த மீனை எடுத்துக்கொண்டே கேட்டாள்: "அன்னைக்கு நீங்க உள்ளதச் சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

"மூணுல ஒரு பங்குகூட வந்திருக்காது. அதையும் தவணையாக் கட்டியிருக்கலாம்."

"அப்ப நான் போயிருக்க மாட்டேன்."

"போயிருக்க மாட்டம்மா."

அவள் கையிலிருந்த கத்தி நின்றது. பிறகு மறுபடியும் ஓடியது. நான் வந்த காரியத்தைச் சொன்னேன். புது இணைப்புக்கு நான் எழுதிப் போடுகிறேன், செலவு முழுக்க என்னுடையது. இப்போது கொஞ்சம் யூனிட் இலவசம், அதற்கு மேல் எரிப்பதற்கு முன்கூட்டியே பணம் போடுகிற மீட்டர் வரப்போகிறது. நான் வீட்டிலிருந்தே போட்டு வைப்பேன், நீ எவ்வளவு வேண்டுமானாலும் எரிக்கலாம், நான் உயிரோடு இருக்கிறவரை நிற்காது என்றேன். பேசப்பேச என் குரல் எனக்கே ஏஜென்ட் குரல் போலக் கேட்டது.

"முன்பணமா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒருதரம் வாங்குனதே போதும்ண்ணே. நேரமாச்சு, பஸ்ஸு போயிரும், கெளம்புங்க."

திரும்பி நடந்தபோது வீடுகளில் விளக்கு போட்டிருந்தார்கள். இப்போதும் படகுகளைப் பிடிக்கத்தான் செய்கிறார்கள். செய்தி அவரவர் செல்போனுக்கு வந்துவிடுகிறது. அவரவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ஏழு பெண்களில் சிலர் இறந்துவிட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு ஊரை விட்டுப் போய்விட்டார்கள். மிச்சம் வள்ளிக்கண்ணு ஒருத்திதான். அவள் வீட்டுக்கு யாரும் வந்து உட்காருவதில்லை.