மழை பெய்தால் தண்ணிப் பஞ்சம்

போன ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலைச் சந்தையில் ஒரு கட்டு சேரை வாங்கினேன். சேரை தெரியும்தானே? ரம்பையோடு சேர்த்துக் கறியில் போடுவோமே, நீள நீளமான தாள், கசக்கினால் எலுமிச்சை மணக்கும், அதுதான். பஸ் வரத் தாமதம். கட்டை மடியில் வைத்துக்கொண்டு நுனியைக் கிள்ளிக் கிள்ளி முகர்ந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "என்னா தம்பி, சளியா?" என்று விசாரித்தார். தலை நரைத்த என்னைத் தம்பி என்று கூப்பிட்ட அந்த நல்ல மனதுக்காகவே "ஆமாங்க" என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த மணம் என்னை நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து ஆட்கள் ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் இருக்கிற ஒரு லயத்துக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது.

அந்த லயத்தில்தான் என் முதல் அரசாங்க வேலை. அரசாங்கம் என்று நானாகச் சொல்லிக்கொள்வது. உண்மையில் அது ஒரு திட்டத்து வேலை, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: மண், நீர்ப் பாதுகாப்புச் சமூக ஒருங்கிணைப்பாளர். அதற்கு முன் கினிகத்தேனையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். விடைபெறப் போனபோது நானா, "பருப்பு நிறுத்தவன் மண்ணக் காக்கப் போறான். மண்ணு கிலோ என்னா வெலன்னு வந்து சொல்லு" என்றார். எனக்கு இருந்த தகுதி, தமிழும் சிங்களமும் தடங்கலில்லாமல் பேசுவது. படிப்பு பாதியில் நின்றது, வாய் நிற்கவில்லை.

லயத்துக்கு மேலே செங்குத்தான ஒரு சரிவு. ஒவ்வொரு குடும்பமும் அதில் ஒரு துண்டு பிடித்து கோவா, லீக்ஸ், போஞ்சி என்று மரக்கறி போட்டிருந்தது. சரிவின் அடியில் ஓர் ஊற்று. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்க ஒரு சீமெந்துத் தொட்டி. லயமே குடிப்பது அதில்தான். வெயில் காலத்தில் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். பெரிய மழை பிடித்தால் போச்சு. மேலே இருக்கிற மரக்கறித் தோட்டத்து மண் முழுக்கக் கரைந்து தொட்டிக்குள் இறங்கிவிடும். பால் ஊற்றாத தேத்தண்ணிக்குப் பால் ஊற்றின நிறம் வரும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த கணக்குக்கு, அதாவது எஸ்டேட்டின் அடுத்த பிரிவுக்கு, வழுக்குகிற பாதையில் நடக்க வேண்டும்.

"ஊருக்கெல்லாம் மழ இல்லேன்னா தண்ணிப் பஞ்சம். எங்களுக்கு மழ பேஞ்சாத்தான் பஞ்சம்." முதல் நாள் என்னிடம் இப்படிச் சொன்னவர் ராக்கம்மா அக்கா. தோட்டத்தில் புல்லு வெட்டுகிற கும்பலுக்குத் தலைவி மாதிரி. உயரம் குறைவு, குரல் அதிகம். அவர் வாயில் விழுந்தால் எழும்ப முடியாது, ஆனால் விழுந்தவனுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி உண்டு.

திட்டத்து அதிகாரி சுமனா மிஸ். சிங்களப் பெண், தமிழை மரக்கறிச் சந்தையில் கற்றுக்கொண்டவர், அதனால் அவர் தமிழில் எப்போதும் கொஞ்சம் பேரம் பேசுகிற தொனி இருக்கும். அவர் கூட்டம் கூட்டிச் சொன்னது இதுதான்: வருகிற வைகாசி மழையில் மேலே உள்ள மண் தொட்டிக்கு வராமல் நிறுத்திக் காட்டினால், புதிதாக மூடிய தொட்டி கட்டி, வீட்டுக்கு வீடு பைப் போட்டுத் தருவோம். மண் வந்துவிட்டால் பைப் எல்லாம் வேறு தோட்டத்துக்குப் போய்விடும். மண் நிறைகிற தொட்டிக்குப் பைப் போட்டு என்ன, பைப்பும் நிறையும்.

வீட்டுக்குள் தண்ணீர்! கூட்டத்தில் கைதட்டல். நானும் தட்டினேன். நான் ஒருங்கிணைப்பாளர் என்பதைக் கொஞ்சம் மறந்துதான் தட்டினேன்.

மறுநாள் மிஸ் மூன்று கம்பைக் கட்டி, நடுவில் கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, சரிவுக்குக் குறுக்கே மட்டம் பார்த்துக்கொண்டு போனார். கல்லு நடுவில் நின்றால் இரண்டு காலும் சமமட்டம். அங்கே ஒரு குச்சி. அந்தக் குச்சி வரிசையில் புல்லை நெருக்கமாக நட்டால், ஓடி வரும் மண்ணை அது பிடித்துக்கொள்ளும். அதன் மேல்பக்கமாக வாய்க்கால் மாதிரி ஒரு கான் வெட்டி, கானுக்குள் இடையிடையே குழி வைத்தால், தண்ணீர் நின்று நிதானித்து நிலத்துக்குள் இறங்கும். இதுதான் மொத்தத் திட்டமும். "என்னா மிஸ், யாருக்குத் தொட்டில் கட்டுறீங்க?" என்று கேலி செய்தாலும் ஆட்கள் வந்து வெட்டினார்கள், நட்டார்கள். லொறியில் வந்த புல்லு மளமளவென்று இறங்கியது. நான் அன்று நானாவின் கடைக்குப் போன் போட்டு, மண்ணுக்கு இனி விலையே இல்லை என்று பெருமையடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் ஒரு புல்லு இல்லை.

யாரும் திருடவில்லை, மாடும் மேயவில்லை. சுரண்டி எடுத்திருக்கிறார்கள். சுரண்டி என்பது கைப்பிடி வைத்த ஒரு தகடு. தேயிலைக்கு அடியில் புல்லைச் சுரண்டி எடுக்கிற ஆயுதம். நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆட்கள் பாட்டன் காலத்திலிருந்து புல்லுக்காகத் திட்டு வாங்கியவர்கள். மலையில் ஒரு புல்லு மிஞ்சினால் கங்காணி கத்துவார், கணக்கப்பிள்ளை கத்துவார், தொரை குதிரையில் இருந்த காலத்தில் குதிரையும் கத்தியிருக்கும். அரைப் பேர்தான் விழும், அதாவது பாதி நாள் சம்பளம். அப்படிப்பட்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் கிடைத்தால் என்ன செய்வார்கள்? தொரைக்குச் செய்ததை விடச் சுத்தமாகச் சுரண்டுவார்கள். ஞாயிறு காலையில் குளித்து, சாமி கும்பிட்டு, சுரண்டியோடு மேலே ஏறினால் தரை வழித்த தலை மாதிரி ஆகும் வரை இறங்கமாட்டார்கள். அந்த மொட்டை மண்தான் மழையில் கரைந்து அவர்கள் குடத்துக்கே வந்துகொண்டிருந்தது.

ராக்கம்மா அக்காவிடம் ஓடினேன். "அக்கா, நட்ட புல்ல ஏங்க்கா சொரண்டுனீங்க?"

"போடா இவனே. புல்லு இருக்க தோட்டமும் பேனு இருக்க தலையும் ஒண்ணு. மேல ரோட்டுல போறவன் பாத்தா என்னா சொல்லுவான்? ராக்கம்மா செத்துட்டாளா, தோட்டம் இப்பிடிக் கெடக்குன்னு கேக்கமாட்டான்?"

"பைப்பு வேணாமா அப்ப?"

"பைப்பும் வேணும், மானமும் வேணும். புல்லில்லாம மண்ண நிப்பாட்டச் சொல்லு ஒங்க மிஸ்ஸ."

மறுபடியும் நட்டோம். மறுபடியும் ஞாயிறு வந்தது. திட்டமிட்டுச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். பக்கத்துத் துண்டுக்காரர் சுரண்டும்போது நம் கை சும்மா இருக்குமா? முனியாண்டி அண்ணன் என்று ஒருவர், நல்ல பாரி உடம்புக்காரர், அவர் மட்டும் நேர்மையாக ஒத்துக்கொண்டார்: "நான் விடணும்னுதான் நெனச்சேன் தம்பி. கண்ணுல பட்டுருச்சு."

சித்திரை முடிந்துகொண்டிருந்தது. மிஸ் பைப்பை வேறு தோட்டத்துக்கு எழுதவேண்டி வரும் என்றார். சொல்லும்போது அவருக்கும் முகம் சரியில்லை. அன்று இரண்டு பேரும் ராக்கம்மா அக்கா வீட்டுப் பின்வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா திட்டிக்கொண்டே தேத்தண்ணி போட்டார். வாசனைக்குச் சேரை வேண்டும் என்று பின்னால் இறங்கிப் போய் ஒரு கைப்பிடி அறுத்தார். பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடுகிற இடத்தில் பெரிய தூராக வளர்ந்திருந்தது. எனக்குக் கோபம், கிண்டலாக வந்தது.

"ஏங்க்கா, இத மட்டும் சொரண்டாம வச்சிருக்கீங்க? இது புல்லில்லையா?"

"கறிக்குப் போடுறது எப்பிடிடா புல்லாகும்? கண்ணு அவிஞ்சு போச்சா ஒனக்கு?"

மிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தத் தூருக்கு மேல்பக்கம் மண் சேர்ந்து ஒரு படி மாதிரி நின்றது, கீழ்ப்பக்கம் பள்ளம். அவர் திரும்பி என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மிஸ் தன் சந்தைத் தமிழில் மெதுவாகக் கேட்டார்: "அக்கா, தோட்டம் முழுக்க இத வச்சா, ரோட்டுல போற ஆள் என்ன சொல்லும்?"

அக்கா யோசித்தார். இடுப்பில் கை வைத்து யோசித்தார். "ராக்கம்மா வீட்டுல தெனம் கறிதான்னு சொல்லுவான்" என்றார்.

அவ்வளவுதான். நான் இத்தனை நாள் மன்றாடி நடக்காதது இரண்டு நாளில் நடந்தது. அக்கா தூரைப் பிளந்து கொடுத்தார், பக்கத்து லயத்திலிருந்து வந்தது, கீழே சிங்களக் கிராமத்திலிருந்து மிஸ் ஒரு வான் நிறையக் கொண்டு வந்தார். குறுக்கே குறுக்கே சேரை வரிசை. மூன்றாவது ஞாயிறு விடியும் முன்பே நான் சரிவின் அடியில் போய் நின்றுகொண்டேன். எல்லோரும் சுரண்டியோடு ஏறினார்கள். வரிசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுரண்டினார்கள். சேரையை யாரும் தொடவில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் கூட உண்டு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, சேரைக்குக் காவலாக என்று சுரண்டுவதையும் குறைத்துக்கொண்டார்கள்.

வைகாசி பிறந்து, சேரை வேர் பிடித்திருந்த ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. அந்த மழையை நான் எப்படிச் சொல்ல? முன்னால் நிற்கிற ஆள் தெரியவில்லை. லயமே சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு தொட்டியைச் சுற்றி நின்றது. மேலே செந்தண்ணீர் இறங்குவது தெரிந்தது. முதல் வரிசைக்கு வந்தது, நின்றது, கானில் நிறைந்து குழியில் சுழன்றது. இரண்டாவது வரிசைக்குக் கொஞ்சம்தான் வந்தது.

அப்போதுதான் முனியாண்டி அண்ணன் துண்டில் தண்ணீர் பீறிட்டது. மனுசன் கோவா மூட்டை இறக்க வசதியாகச் சேரை வரிசைக்கு நடுவில் நேரே கீழே ஒரு வழி விட்டிருந்தார். மலை முழுக்க நின்ற தண்ணீர் அந்த வாசலைக் கண்டுபிடித்துவிட்டது.

"அடப்பாவி, வாசல் வச்சியா மழைக்கி!" என்று கத்திக்கொண்டே ராக்கம்மா அக்கா ஏறினார். பக்கத்தில் அக்காவின் சொந்தத் துண்டு. அடுத்த கிழமை சந்தைக்குப் போகிற கோவா, ஒவ்வொன்றும் குழந்தைத் தலை அளவு. வேரோடு, மண்ணோடு பிடுங்கி அந்த வாயில் போட்டு மிதித்தார். நாங்களும் பிடுங்கினோம், கல்லைத் தூக்கினோம். இரண்டு கோவா அடித்துக்கொண்டு போனது. இன்னும் ஓர் ஆள் அளவு இடைவெளி. முனியாண்டி அண்ணன் போய் அந்த இடைவெளியிலேயே முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் நின்றது.

"அசையாத! ஒன்னயப் பெத்ததுக்கு இன்னைக்கித்தான் பிரயோசனம்" என்றார் அக்கா. மழைக்குள்ளே லயமே சிரித்தது. அண்ணனும் சிரித்தார், ஆனால் அசையாமல் சிரித்தார். அவர் இரண்டு பக்கமும் நாங்கள் மண்ணும் கல்லும் கோவாவும் அடைத்து, அவரை ஒரு மரக்கட்டையைப் போல உருவி எடுத்தபோது வழி அடைபட்டிருந்தது.

கீழே ஓடினோம். மிஸ் தொட்டியின் விளிம்பில் குனிந்திருந்தார், மழை அவர் முதுகில் கொட்டியது. "தள்ளுங்க, பாக்கட்டும்" என்று ஒருவர் மேல் ஒருவர். தொட்டியின் அடிச் சீமெந்து தெரிந்தது. அதில் இருந்த வெடிப்பு தெரிந்தது. பெரிய மழையில் அந்த வெடிப்பை அதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. யாரோ ஒரு தகரத்தைத் தட்டினார்கள், பிறகு தப்பு மேளமே வந்துவிட்டது. மழையில் தப்பு அடித்தால் தோல் போய்விடும் என்று சொல்லக்கூட ஆள் இல்லை. சுமனா மிஸ் ஆடத் தெரியாமல் ஆடினார். நானும்தான். என் ஆட்டத்தைப் பற்றி லயத்தில் இன்றைக்கும் ஒரு சொல் இருக்கிறதாம். அது என்ன என்று நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

பைப் வந்தது, மூடிய தொட்டி வந்தது. கீழே சிங்களக் கிராமத்தில் வயலுக்குப் போகிற ஓடையும் தெளிந்துவிட்டதாம். அங்கிருந்து இரண்டு பேர் ஒரு பெரிய பலாப்பழத்தைத் தோளில் சுமந்துகொண்டு ஏறி வந்தார்கள். திட்டம் முடிந்தது, நான் வேறு வேலை, வேறு ஊர் என்று சுற்றினேன்.

சந்தையில் பஸ் வரத் தாமதம் என்றேனா? கடைசியில் வந்தது. அது தலவாக்கலையிலிருந்து என் வீட்டுக்குப் போகிற பஸ். நான் அதில் ஏறவில்லை. ஹட்டன் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து நோட்டனுக்கு மாறி, மத்தியானம் ராக்கம்மா அக்கா வீட்டு வாசலில் நின்றேன். அக்காவுக்குக் கண் கொஞ்சம் மங்கல், குரல் அப்படியே. "யாரு, ஆட்டக்காரனா?" என்றார். புதிதாகக் கல்யாணமாகி வந்த பேரன் மனைவி குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். வெளியே நல்ல மழை. குடித்துவிட்டு டம்ளரை வைத்தேன். அந்தப் பெண் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் மாமா மிச்சம் வச்சிட்டீங்க? தண்ணி நல்லா இல்லீங்களா?" என்றாள்.

எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் லயத்தில் யாரும் கடைசி வாயைக் குடிப்பதில்லை. மண் அடியில் தங்கும்; ஒரு வாய் விட்டுவைத்து வாசலில் ஊற்றிவிடுவார்கள், அங்கே இருந்த நாளில் நானும் பழகிக்கொண்டேன். குழந்தைக்கும் அப்படித்தான் பழக்குவார்கள். டம்ளரைக் கவிழ்த்துக் குடிப்பவனைப் பார்த்தால் வெளியூர்க்காரன் என்று தெரிந்துகொள்வார்கள். அந்த வழக்கம் லயத்தைவிட்டே போய்விட்டது. வாசலில் ஊற்றிய அந்தச் செம்மண் கறைகூட எந்த வீட்டுப் படியிலும் இல்லை. இந்தப் பெண்ணுக்கு அதைச் சொன்னால் புரியாது, புரியவும் வேண்டாம்.

ராக்கம்மா அக்கா டம்ளரைத் தடவி எடுத்து என் கையில் திரும்பத் திணித்தார்.

"குடிச்சு முடிடா. அடியில ஒண்ணுமில்ல."