பதினேழாம் வண்டிக்கு மூன்றாவது டர்போ

மேலாளர் நீட்டிய காகிதத்தை என் அக்கா படித்தாள், மறுபடியும் படித்தாள், பிறகு பேனாவை மூடி அவர் மேசைமேலேயே வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட மாட்டேன் சார்."

பேருந்துப் பணிமனையில் அவள் மெக்கானிக். அங்கேயே நான் ஸ்டோர் கிளார்க். கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து பத்து வருடமாக அவள் போடும் சண்டைகளைப் பார்த்து வருகிறேன். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தே டீசல் கலந்திருக்கிறதா, தீய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். அதனால் 'மோப்பம்' என்று கேலிக்கு ஒரு பெயர் வைத்தார்கள். அவளோ அந்தப் பெயரைத் தன் கருவிப் பெட்டி மூடியில் சிவப்பு பெயின்டால் பெரிதாக எழுதிக்கொண்டாள். அப்புறம் யாருக்கும் கேலி செய்ய வாய் வரவில்லை.

காகிதம் பதினேழாம் வண்டியைப் பற்றியது. நான்கு மாதத்தில் இரண்டு டர்போ மாற்றியும் அது எண்ணெய் எரியும் நீலப் புகை கக்கியது. டர்போ என்பது எஞ்சினுக்குக் காற்றைத் திணிக்கும் சின்னச் சக்கரம். அதன் அச்சுக்கு ஒல்லிக் குழாய் வழியாக எண்ணெய் வரும், தடித்த குழாய் வழியாக வழிந்து எஞ்சினுக்கே திரும்பும். ஓடிக் களைத்த வண்டியைச் சட்டென்று அணைத்தால் எண்ணெய் நின்று அச்சு எரியும். ஓட்டுநர் அப்படித்தான் அணைத்திருக்கிறார், அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்று மேலாளர் எழுதிவிட்டார். மூன்றாவது டர்போவை மாட்டிவிட்டு, ஆமாம் என்று கையெழுத்துப் போடுவது மட்டும்தான் அக்காவுக்கு மிச்சம்.

அந்த ஓட்டுநர் யார் தெரியுமா? 'பெண் தொட்ட வண்டியை நம்பி எடுக்க முடியாது' என்று ஒன்பது வருடத்துக்கு முன் இவள்மேல் எழுத்தில் புகார் கொடுத்த மகராசன். வேறு வழியில்லாமல் வண்டியை எடுத்தாரே தவிர, அன்றிலிருந்து இவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தப் புகார் இன்னும் இவள் கோப்பில் இருக்கிறது. பதவி உயர்வு என்ற பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் தலைகாட்டும்.

"போனா போகட்டும்னு விடேன்க்கா. உனக்கென்ன வந்துச்சு?" என்றேன்.

"அவரு மேல எனக்கு இருக்கிற கோபம் என் சொந்த விஷயம்டி. அதுக்கும் டர்போவுக்கும் என்ன சம்பந்தம்? கடைசியா கழட்டினது உன்கிட்டதானே கிடக்கு, எடு."

எடுத்துக் கொடுத்தேன். அச்சை விரலால் சுற்றினாள், ஆட்டிப் பார்த்தாள். ஆட்டமே இல்லை. சூட்டில் நிறம் மாறிய தடமும் இல்லை.

"எண்ணெய் கிடைக்காம எரிஞ்சது இப்படியா பளபளன்னு இருக்கும்? இது பட்டினி கேஸ் இல்ல. குடிச்சது கீழ இறங்க வழியில்லாம வாந்தி எடுத்திருக்கு."

மேலாளரைக் கையோடு கூட்டிவந்து வண்டியின் பின்னால் நிறுத்தினாள். தடித்த குழாயை டர்போ பக்கம் மட்டும் கழற்றி அதன் வாயைத் துணியால் அடைத்தாள். டர்போவிலிருந்து ஒரு ரப்பர் குழாயை வாளிக்குள் விட்டு, எஞ்சினை ஓடவிட்டாள். எண்ணெய் தாராளமாகக் கொட்டியது. வரத்தில் குறையில்லை. வாளி நிறைய நிறைய அதை மறுபடி எஞ்சினுக்குள் ஊற்றும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. கால் மணி நேரத்தில் நீலப் புகை மெலிந்தது, பிறகு அறவே நின்றது. மேலாளர் புகைக்குழாயையே வெறித்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, அடைப்பைத் தேடித் தடித்த குழாயின் கீழ் முனையைக் கழற்ற அக்கா வண்டிக்கு அடியில் நுழைந்தாள். கை நுழைவதே கஷ்டமான இடம். இரண்டாம் முறை டர்போ மாற்றியவர் மேல் முனையோடு நிறுத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவள் முகம் செத்திருந்தது.

குழாய் வாயில் சிவப்புப் பசை உள்பக்கமாகப் பிதுங்கி வளையமாக இறுகியிருந்தது. சுண்டுவிரல் நுழையும் ஓட்டைதான் மிச்சம். பழைய டர்போ தேய்ந்துபோனபோது முதல் புது டர்போவை மாட்டியது அக்கா. அன்று குழாய் இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கேஸ்கட் தகடு இருப்பில் இல்லை. "இன்னைக்கு இதை வச்சு ஒப்பேத்துக்கா" என்று பசை டியூபை ஜன்னல் வழியாக நீட்டியவள் நான்.

மேலாளர் இன்னும் அந்தப் பக்கம்தான் நின்றார். சுரண்டி எறிந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணால் ஜாடை காட்டினேன். அக்கா என்னை முறைத்த முறைப்பில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சார், இங்க வாங்க. இது நான் போட்ட பசை. தப்பு என்னுது, டிரைவரோடது இல்ல."

அவர் குழாயைப் பார்த்தார், குரலைத் தணித்தார். "யோசிச்சுப் பேசும்மா. இதை எழுதினா மெமோ உனக்குத்தான் வரும்."

"வரட்டும், வாங்கிக்கறேன். செய்யாத தப்புக்கு ஒருத்தர் வேலை போறதுக்கு என் கையெழுத்து கிடைக்காது."

கருவிப் பெட்டி மூடிமேல் வைத்தே எழுதினாள். கேஸ்கட் இல்லை, பசை போட்டேன், அளவு மிஞ்சியது, அடைத்தது. எட்டிப் பார்த்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. டியூப் தானாக நடந்துபோய் இவள் கையில் ஏறிக்கொண்டது போல! எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வீரமெல்லாம் இவளுக்கு மட்டும் எழுதிவைத்ததா என்ன? பேனாவைப் பிடுங்கி, 'பசையைக் கொடுத்தது ஸ்டோர் கிளார்க்' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மெமோ இரண்டு பேருக்கும் வந்தது. பதினேழாம் வண்டி இருந்த டர்போவோடும் புதுக் கேஸ்கட்டோடும் புகையில்லாமல் ஓடுகிறது. மூன்றாவது டர்போ பெட்டி பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது.

வேலை தப்பிய ஓட்டுநர் இரண்டு நாள் கழித்து அக்கா முன்னால் வந்து நின்றார்.

"உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலம்மா."

"நன்றியெல்லாம் வேணாம்ணே. என்மேல குடுத்த புகாரைத் திரும்ப வாங்கிக்கங்க, எழுத்துல."

"அது ஆச்சேம்மா ஒன்பது வருஷம்."

"அடைப்பு எத்தனை நாளா இருந்தா என்ன? எடுத்துத்தான் ஆகணும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாகப் பேனாவை நீட்டினேன். வெகுநேரம் எழுதினார். அக்கா வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள், பிறகு காகிதத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"கையெழுத்துக்குக் கீழ தேதி போடுங்கண்ணே."