சுரங்கத்துக்குள் அண்ணன் இல்லை

செஞ்சிக் கடைத்தெருவில் அந்த வருஷம் எங்கள் வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. என் அண்ணன் புதையல் தேடிக் கோட்டைச் சுரங்கத்துக்குள் போய் மாட்டிக்கொண்டான் என்று ஊரே பேசியது. மலையடியில் இடிந்து கிடந்த சுரங்க வாயிலில் அவன் செருப்பு இருந்தது. நைனா ஆள் வைத்து நான்கு நாள் கல் புரட்டினார். உள்ளே ஒரு பெரும்பாறை குறுக்கே நிற்க, ஓய்ந்துபோனார். கல்யாணமாகி ஏழே மாதமான அண்ணி மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே விளக்கேற்றினாள். யாராவது உச்சுக்கொட்டினால், "பாறைக்கு அப்பால வழி வல்லம் வரைக்கும் போவுதாம். வந்துடுவாரு" என்பாள்.

அப்போதுதான் ஜீப்பில் ஒரு கவர்மெண்ட் ஆபீசர் வந்தார். அவரிடம் கூஜா மாதிரி ஒரு கருவி இருந்தது. தரையில் வைத்து, மேலே கண்ணை ஒட்டி, பூமி எவ்வளவு இழுக்கிறது என்று பார்ப்பாராம். அடியில் பொந்து இருந்தால் இழுவை ஒரு துளி குறையுமாம். எனக்கு ஒன்பது வயது, வாய் மட்டும் ரொம்ப நீளம். நேரே போய் எங்கள் இடத்தையும் பார்க்கச் சொன்னேன். நல்ல மனுஷர். சுரங்க வாயிலிலிருந்து பத்தடிக்கு ஓர் இடமாக வைத்துப் பார்த்தார். அண்ணி மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றாள்.

மறுநாள் கணக்குப் போட்டுக்கொண்டு நைனாவின் கடைக்கு வந்தார். "அது சின்னக் குகைதாங்க. அந்தக் குறுக்குப் பாறைக்கு அப்பால எல்லாம் முழுப்பாறை. ஆள் போற வழியே கெடையாது" என்றார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். நான் வீட்டுக்கு ஒரே ஓட்டம்.

"அண்ணி! அண்ணன் சாவல! உள்ளயே போவல! எங்கியோ நல்லா இருக்குது!"

"இன்னா சொன்ன?" என்று இரண்டு தரம் கேட்டாள். அத்தனை மாதமும் அழாதவள், அரிசி முறத்தைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். "அதுக்கு அவரு உள்ளயே இருந்திருக்கலாமே!"

எனக்கு வந்ததே கோபம்! என் அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்றால், செத்திருக்கலாம் என்கிறாளே, இவளும் ஒரு பெண்டாட்டியா! மூன்று நாள் பேசவில்லை. தலைவாரக் கூப்பிட்டாள், போகவில்லை.

நான்காம் நாள் பனமலையிலிருந்து அவள் அப்பா வந்து கூட்டிப்போனார். பஸ் ஜன்னலிலிருந்து, "வரேன் பாப்பா" என்றாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், பாவி நான். கட்டினவன் உன்னை வேண்டாமென்று போட்டுவிட்டுப் போய்விட்டான் என்பதைத்தான் குதித்துக்கொண்டு போய் அவளிடம் சொன்னேன் என்று தெரியாமல், முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.