பொன்னாடை கிடையாது, டீ உண்டு

தொண்டு நிறுவனத்துக்காக வலைத்தளத்தில் ஆள் தேடுவது, கையேந்தாமல் கை கேட்கிற வேலை. இதைத் தலையில் கட்டிக்கொண்டு என்னைப் போல அவதிப்படுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் மையம் ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் இருக்கிறது. நடக்கச் சிரமப்படும் குழந்தைகள் மாலையில் வருவார்கள். பயிற்சி கொடுத்துவந்த கலா, கல்யாணமாகித் துபாய்க்குப் போய்விட்டார். அதுவரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்த ஆறு வயது நிவேதாவின் முழங்கால்கள் மறுபடி இறுகத் தொடங்கின. சீக்கிரம் ஒரு பிசியோதெரபிஸ்ட் கிடைக்காவிட்டால் அவள் கற்றதெல்லாம் போய்விடும். படித்தவர்கள் தங்கள் வேலையையும் அனுபவத்தையும் எழுதிவைத்துப் பழகுகிற வலைத்தளத்தில் தேடிப் பாருங்கள் என்று கலாதான் போனில் சொன்னார். பத்திரிகையில் பல வருடம் சிறுவர் பக்கம் தயாரித்தவன் என்பதால், எழுதுகிற பொறுப்பு என்னிடம் வந்தது.

கடைசிப் பெயர் என்ன?

தளம் முதல் பெயர் கேட்டது. 'சிறப்புக் குழந்தைகள்' என்று போட்டேன். கடைசிப் பெயர் கேட்டது. 'மையம்' என்று போட்டேன். நிறுவனங்களுக்குத் தனிப் பக்கம் உண்டு என்பது எனக்குத் தெரியாது. தளம் எங்களை ஒரு மனிதர் என்றே நம்பிவிட்டது. மூன்றாம் நாள் ஒரு கடிதம்: 'அன்புள்ள திரு. மையம், அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்கள் தகுதிக்கேற்ற கிடங்கு மேற்பார்வையாளர் வேலை காலியாக உள்ளது.'

மையத்தை நடத்தும் ஸ்டெல்லாம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார். "நாம ஆள் தேடிப் போனா, நம்மளையே வேலைக்குக் கூப்பிடறாங்க. ஞாயித்துக்கிழமை லீவு உண்டான்னு கேளுங்க சார், சர்ச்சுக்குப் போகணும்."

ஒரு மணி நேரம்

முறையான பக்கம் திறந்ததும், ஸ்டெல்லாம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்: 'கருணை உள்ளங்களே, கரம் கொடுங்கள்!' கைதட்டல் படங்கள் வந்து குவிந்தன. ஆள் ஒருவர்தான் வந்தார். பூந்தமல்லி ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரபிஸ்ட், பெயர் பிரபு. ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கியிருந்தார்.

எங்கள் வழக்கப்படி வரவேற்புரை, குத்துவிளக்கு, பொன்னாடை, குழந்தைகளின் பாட்டு, குரூப் போட்டோ, நன்றியுரை எல்லாம் நடந்தன. நன்றியுரை நான்தான் படித்தேன், ஒன்றரைப் பக்கம். அது முடிந்தபோது அவருடைய பர்மிஷனும் முடிந்திருந்தது. நிவேதாவின் காலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் வரவும் இல்லை.

குழந்தைகளை ஆட்டோவில் கூட்டிவரும் மணி என்னைத் தனியே பிடித்துக்கொண்டார். "இன்னா சார், அந்தக் கொயந்த கால நீட்டிகினு உக்காந்துகினே கீது, நீங்க அவருக்கு சால்வயப் போத்தி அனுப்பிட்டீங்களே!"

அழுகிற படம்

அடுத்த பதிவில் நிவேதா அழுகிற படத்தைப் போட்டால் யார் மனமாவது இளகும் என்று நினைத்தேன். அவளுடைய அம்மா சுமதிக்கு எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தவர், மகளை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, என் போனில் இருந்த படத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. அந்தத் தளத்தில் யாரெல்லாம் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டார். வேலைக்குப் போகிறவர்கள் என்றேன்.

"அப்ப நாளைக்கு இவளும் அதுல பேர் போடுவா இல்ல சார்? அன்னைக்கு இந்த அழுமூஞ்சிப் படம் முன்னாடி வந்து நிக்கக் கூடாது."

செவ்வாய், வெள்ளி

படத்தை அழித்தேன். நிவேதா பிடித்து நிற்கும் கம்பியை மட்டும் படம் எடுத்தேன். சிறுவர் பக்கத்தில் காகிதக் கப்பல் செய்யச் சொல்லிக்கொடுக்கும்போது, எந்த ஓரத்தை எங்கே மடிக்க வேண்டும் என்று சொல்லாவிட்டால் எந்தக் குழந்தையும் மடிக்காது. அந்த மாதிரியே எழுதினேன்: 'பிசியோதெரபிஸ்ட் ஒருவர் தேவை. செவ்வாய், வெள்ளி, மாலை நான்கு முதல் ஐந்து வரை. ஆவடி ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஆட்டோ கூட்டிவரும். பொன்னாடை கிடையாது, டீ உண்டு.' கடைசி வரிக்கு ஸ்டெல்லாம்மா இரண்டு நாள் சம்மதிக்கவில்லை. மரியாதை தெரியாதவர்கள் என்று நினைப்பார்களாம். கலா அதைத் துபாயிலிருந்து தன் துறையில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை மணியின் ஆட்டோவிலிருந்து இறங்கியவர் அதே பிரபு. நாளும் நேரமும் போட்டிருந்ததால் டூட்டியை மாற்றிக்கொள்ள முடிந்தது என்றார். "மறுபடி நன்றியுரை படிப்பீங்களோன்னுதான் சார் பயந்துகிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, நாங்கள் போட்ட பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து, சுருட்டி, நிவேதாவின் முழங்காலுக்கு அடியில் அணையாக வைத்தார். ஸ்டெல்லாம்மா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, சுமதி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கம்போல மகளை இடுப்பில் தூக்கக் குனிந்தார். நிவேதா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அம்மாவைத் தள்ளினாள். தினமும் மணியின் ஆட்டோவில் வருகிறவள் அல்லவா, பேச்சும் அப்படியே இருந்தது.

"தூக்காதம்மா, நான் நின்னுகினு கீறேன் பாரு!"

ஆகவே நண்பர்களே, வலையை உலகம் முழுக்க வீசுங்கள். வந்து சேர்கிறவரின் தோளை மட்டும் சும்மா விட்டுவிட்டு, கைக்கு வேலை கொடுங்கள்.