வாலைத் தூக்கிப் பார்க்காத குற்றம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமி காரியத்தில் நான் செய்த தப்பு. அதுவும் பசுவின் வாலுக்கு அடியில்.

அப்போது சைகோனில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு பசு. காலையில் கறக்கும் முதல் செம்புப் பால் முருகன் கோயில் அபிஷேகத்துக்குப் போகும். மழைக்காலம் பிடித்ததும் பசு மெலிந்தது. கண்ணின் உள்ளிமை வெளுத்துவிட்டது. கன்றுக்கு மூன்று மாசம்தான். தாய் போனால் அதுவும் போய்விடும்.

உண்ணி என்று தெரிந்தது. காது மடலுக்குள், கழுத்துத் தொங்கலில், மடியோரத் தொடை இடுக்கில் தேடித் தேடிப் பிடுங்கினேன். பசு தேறவில்லை.

என் மனைவி குச்சி என்ற ஊர்ப் பக்கத்து வியட்நாமியப் பெண், மாடு வளர்த்த குடும்பம். ஒரு நாள் கேட்டாள்.

"ஏங்க, வாலைத் தூக்கிப் பாத்தீங்களா?"

"அது லட்சுமி இருக்கிற இடம். அங்க போய் நோண்டச் சொல்றியா?"

"தினம் தொட்டுக் கும்பிடுறீங்களே, பாத்ததே இல்லையா?"

"கும்பிடும்போது கண்ணை மூடிக்குவேன்."

"உண்ணிக்கு அது ரொம்ப வசதி."

வெள்ளிக்கிழமைதோறும் பசுவின் பின்பக்கம் மஞ்சள் குழைத்துப் பூசிக் குங்குமம் வைப்பேன். பழையதைக் கழுவினால் பாவம் என்று அதன் மேலேயே பூசுவேன். அவள் கேட்ட அன்று வெந்நீர் விட்டுக் கழுவி வாலைத் தூக்கினேன். ஆமணக்கு விதை மாதிரி கொத்துக் கொத்தாக உண்ணிகள். அவற்றின் மேல்தான் இத்தனை நாள் பொட்டு வைத்திருக்கிறேன்.

தாயே, மன்னிச்சுக்கோ என்றேன். ஒன்றையும் விடுவதில்லை என்று அங்கேயே நின்று முடிவு செய்தேன். பசு தேறும்வரை பால் கன்றுக்கு மட்டும் என்று கோயிலிலும் சொல்லிவிட்டேன்.

தினமும் குளித்ததும் முதல் வேலை அதுதான். மனைவி பசுவின் வாலைப் பிடிப்பாள். தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல், நேராக இழுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவேன். டான் சோன் நாட் விமான நிலையத்திலிருந்து விமானம் தாழப் பறந்தால் பசு மிரண்டு உதைக்கும். என் முழங்கால் வீங்கியது. "லட்சுமி ஆசீர்வாதம், வாங்கிக்குங்க" என்பாள். உண்ணிகள் முட்டையிடும் தொழுவத்து வெடிப்புகளையும் சுண்ணாம்பு வைத்து அடைத்தோம்.

மழை விடும் சமயத்தில் இமைக்குள் சிவப்பு திரும்பியது. கன்று குடித்தது போக ஒரு செம்பு கறந்தேன். அதைக் கோயிலுக்கு எடுத்துப் போகுமுன் வாலைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே கும்பிட்டேன்.

மாடு வைத்திருப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். நான் எழுதியபடியே சொல்லுங்கள். கூச்சப்பட்டு வாலை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டதும் அதைத்தான்.